படம் மட்டும்தானே எடுத்தோம்?

டிஸ்கி: பதிவு கொஞ்சம் நீளம், கொஞ்சம் காரம். கேமரா பையைத் தூக்கிட்டு மழைக்காடு சுத்துற ஆளுங்கதான் என் சிநேகிதர்கள்ல பாதிப்பேர். ஆட்டோ அனுப்பறதா இருந்தா முழுசாப் படிச்சிட்டு அனுப்புங்க மக்களே :-)

எந்தச் சரணாலயத்துக்குப் போனாலும் வாசல்ல ஒரு போர்டு இருக்கும். படங்களை மட்டும் எடுத்துச் செல்லுங்கள், காலடித் தடங்களை மட்டும் விட்டுச் செல்லுங்கள். பார்த்திருப்பீங்க. முதுகுல மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊர் சுத்துற நம்ம ஆளுங்களுக்கு இதுதான் வேதவாக்கு. ப்ளாஸ்டிக் போடமாட்டோம், சத்தம் போடமாட்டோம், பூவைப் பறிக்கமாட்டோம், படம் மட்டும் எடுப்போம். அதனால நாம நல்லவங்க. பாட்டில் உடைக்கிற கும்பல்தான் கெட்டவங்க.

இந்த போர்டைக் கழட்டி எறியணும்னுதான் இந்தப் பதிவு. படம் எடுக்கறது யாருக்கும் வலிக்காத காரியம்ங்கற நினைப்பு அந்த ஒரு வாசகத்துல இருந்துதான் நமக்குள்ள வந்து உக்காந்துக்கிச்சு. அது பொய். எவ்வளவு பெரிய பொய்னு ஒரு தவளையை வெச்சுச் சொல்றேன்.

மெலனோபட்ராக்கஸ் இண்டிகஸ். கேலக்ஸி தவளைன்னு செல்லப்பேர். விரல் நுனி அளவுதான் இருக்கும். கருப்பு உடம்பு முழுக்க வெளிர் நீலப் புள்ளி. ராத்திரி வானத்தை உருட்டி ஒரு தவளையாச் செஞ்ச மாதிரி. உலகத்துல மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குப் பகுதியைத் தவிர வேற எங்கேயும் கிடையாது. அந்தப் பேரினத்துல அது ஒண்ணே ஒண்ணுதான், கூடப்பிறந்த பொறப்பு யாரும் இல்லை. சென்னை ராஜதானி வனத்துறையில இருந்த பெட்டோம்ங்கற வெள்ளைக்காரர் ஆனைமலையில கண்டுபிடிச்சு 1878-ல எழுதி வெச்சார். அப்புறம் பல பத்து வருஷம் யார் கண்ணுலயும் படாம இருந்து, 1997-ல 'மறுபடியும் கண்டுபிடிச்சோம்'னு தனியா கட்டுரை எழுதற அளவுக்கு அபூர்வமான ஜீவன்.

இது இருக்கற இடம் மட்கிப்போன மரக்கட்டைக்கு அடியில. அது முக்கியம், ஞாபகம் வெச்சுக்கோங்க.

2025 டிசம்பர்ல லண்டன் விலங்கியல் சங்கம் ஒரு செய்தி வெளியிட்டுச்சு. கேரளக் காடு ஒண்ணுல, கொரோனா ஊரடங்குக்குக் கொஞ்சம் முன்னாடி, ஒரு ஆராய்ச்சியாளர் இந்தத் தவளை ஏழு இருக்கறதைப் பார்த்துக் குறிச்சு வெச்சிருக்கார். ஊரடங்கெல்லாம் முடிஞ்சு திரும்பப் போய்ப் பார்த்தா கட்டை புரண்டு கிடக்குது. சுத்தி இருந்த செடியெல்லாம் மிதிபட்டுக் கூழாக் கிடக்குது. ஏழுல ஒண்ணைக்கூடக் காணோம். அந்தக் காட்டுல தடம் பார்க்கற உள்ளூர்க்காரர்கிட்ட விசாரிச்சா, கேமராக்காரங்க கும்பல் கும்பலா வந்துட்டுப் போனதாச் சொல்லியிருக்கார். கட்டையைப் புரட்டி, தவளையை வெறுங்கையால எடுத்து, அழகான பாசியா பார்த்து உக்காரவெச்சு, பளீர்னு வெளிச்சம் அடிச்சுப் படம் எடுத்திருக்காங்க. அதுல ரெண்டு தவளை செத்தே போச்சாம். மிச்சமும் செத்திருக்கும்னுதான் ஆராய்ச்சியாளர்கள் கருதறாங்க.

வந்தவங்க வேட்டைக்காரங்க இல்லை. கல்குவாரி முதலாளி இல்லை. மரக்கடத்தல் கும்பல் இல்லை. நம்மள மாதிரி இயற்கை மேல பாசம் உள்ளவங்க. அட்டைக்கடி வாங்கிட்டு, நனைஞ்ச துணியோட, ஆசை ஆசையா மலையேறி வந்தவங்க. அவங்க கேமராவுல அந்தப் படமெல்லாம் அட்டகாசமா வந்திருக்கும், சந்தேகமே வேணாம்.

'ஏழு தவளைக்கு இவ்வளவு ஒப்பாரியா?'ன்னு கேட்கலாம். ஒரு மரம் காட்டுக்குள்ள விழுந்து, மழையில ஊறி, பூஞ்சை பிடிச்சு, உள்ளுக்குள்ள உளுத்து, அடியில எப்பவும் ஈரம் நிக்கற பதத்துக்கு வர வருஷக்கணக்காகும். அதுக்குக் கீழதான் தவளை, மரவட்டை, பூரான், எறும்பு எல்லாம் குடித்தனம் நடத்துது. அதைப் புரட்டிப் போட பத்து செகண்ட் போதும். நீங்க திரும்ப வெச்சாலும் அது பழைய மாதிரி உக்காராது. விளிம்பு தூக்கிக்கும், காத்து புகும், ஈரம் போயிடும். ஒரு தெருவையே இடிச்சிட்டு 'செங்கல்லை அங்கேயே அடுக்கி வெச்சிட்டேனே'ன்னு சொல்ற கதைதான்.

தவளைக்குத் தோல்தான் பாதி நுரையீரல். தண்ணி, காத்து எல்லாம் தோல் வழியாத்தான் உள்ளே போகும். அட்டைக்குப் பூசின மூக்குப்பொடி, கொசுவுக்குத் தடவின க்ரீம், வெயிலுக்குப் போட்ட லோஷன் எல்லாம் கையில ஒட்டியிருக்கு. அந்தக் கையோட அதைத் தூக்கினா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. கைட்ரிட்னு ஒரு பூஞ்சை நோய் வேற இருக்கு. உலகம் முழுக்க குறைஞ்சது 501 நீர்நில வாழ்வினங்கள் அதனால குறைஞ்சுபோச்சு, அதுல 90 இனம் அழிஞ்சே போயிருக்கலாம்னு 2019-ல ஆய்வுக் கட்டுரை வந்திருக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையிலயும் அந்தப் பூஞ்சை இருக்கறது பதிவாகியிருக்கு. ஈர ஷூவோட இன்னிக்கு ஆகும்பே, அடுத்த வாரம் வால்பாறை, அதுக்கடுத்து மூணாறுன்னு சுத்தற நாம எதை எங்கேயிருந்து எங்கே கொண்டு போறோம்னு யாருக்குத் தெரியும்?

தவளை ஒரு உதாரணம்தான். மழைக்காலத்துல ஒரு ரவுண்டு போய்ட்டு வந்தா இந்த லிஸ்ட்டை யார் வேணாலும் எழுதலாம்.

1. பாம்பு நகர்த்தல். பச்சை விரியன் இருண்ட புதருக்குள்ள சுருண்டு கிடக்கும். பின்னணி சரியில்லைன்னு கம்பால தூக்கி நல்ல கிளையில போடுவாங்க. நான் தங்கின ஒரு விடுதியில ராத்திரி நடைன்னு கூட்டிட்டுப் போனாங்க. ஆறு கேமரா, ஒரு பாம்பு, முக்கால் மணி நேரம். அது நகர நகர, கம்பால திரும்பத் திரும்ப அதே இடம். கடைசி ஆள் 'இன்னும் ஒரே ஒரு ஷாட்'னு சொல்லும்போது எனக்குக் காது கூசிச்சு. விரியன் நாள் கணக்குல ஒரே இடத்துல அசையாமக் காத்திருந்து இரை பிடிக்கிற ஜாதி. நாம எடுத்தது அதோட சாப்பாட்டு நேரத்தை.

2. தவளைவாயன். தட்டேக்காடு பக்கம் போறவங்க எல்லாரும் கேட்கற பறவை. பகல் முழுக்கக் காய்ஞ்ச இலை மாதிரி அசையாம ஜோடியா உக்காந்திருக்கும். அசையாம இருக்கறதுதான் அதுக்கு இருக்கற ஒரே பாதுகாப்பு. ஒரே ஒரு முட்டை, பகல்ல அடைகாக்கறது ஆண். இதுக்கு முன்னாடி இருக்கற இலை ஃப்ரேமை மறைக்குதுன்னு கிளையை ஒடிக்கறதும் நூல் போட்டு இழுத்துக் கட்டறதும் நடக்குது. அந்த மறைப்பை நம்பித்தான் அது அங்கே உக்காந்திருக்கு சாமி!

3. இருவாச்சிக் கூடு. பொந்துக்குள்ள போய் வாசலை அடைச்சிக்கிட்டு, ஒரு கீறல் மட்டும் விட்டு, மாசக்கணக்கா உள்ளேயே இருக்கும் அம்மா. அப்பா பழம் கொண்டுவந்து கொடுத்தாத்தான் சோறு. மரத்தடியில பத்துப்பேர் முக்காலி போட்டு நின்னா அப்பா வராது. வராத ஒவ்வொரு தடவையும் உள்ளே ரெண்டு மூணு வயிறு காயும். நாம கீழே உக்காந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கிட்டு 'இன்னும் வரலையே'ன்னு சலிச்சுப்போம்.

4. குரல் போட்டுக் கூப்பிடறது. செல்போன்ல பறவைக் குரலை ஓடவிட்டா அது வெளியே வரும். பாட்டு ரசிக்க வரலைங்க. தன் எல்லைக்குள்ள வேற ஆண் புகுந்துடுச்சுன்னு சண்டைக்கு வருது. காலையில எட்டு மணிக்கு ஒரு கும்பல், ஒன்பது மணிக்கு இன்னொரு கும்பல், பத்து மணிக்கு நாம. கூடு கட்டற சீசன்ல நாள் முழுக்க இல்லாத எதிரியோட சண்டை போட்டா அது எப்போ குஞ்சுக்குப் புழு பிடிக்கும்?

5. சிப்ஸ் வைத்தியம். வால்பாறை புதுத்தோட்டத்துப் பக்கம் சிங்கவால் குரங்கு ரோட்டோரம் வரும். க்ளோசப் வேணும்னா ஒரு பாக்கெட் சிப்ஸ் போதும். குரங்கு ரோட்டுக்குப் பழகும், ஒரு நாள் ஏதாவது வண்டியில அடிபடும். அது ரோட்டுல இறங்காமக் கடக்கட்டும்னுதான் மரத்துக்கு மரம் பாலம் கட்டி வெச்சிருக்காங்க. ஒரு பக்கம் மேலே ஏத்தறதுக்கு உழைக்கறாங்க, இன்னொரு பக்கம் சிப்ஸ் காட்டி நாம கீழே இறக்கறோம். ஆழியாறுல இருந்து ஏறும்போது ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுல நிக்கற வரையாட்டுக்கும் இதே உபசரிப்புதான்.

இப்ப சப்பைக்கட்டுகளுக்கு வருவோம். எல்லாமே நான் கேட்டதுதான்.

'படம் பார்த்தாத்தானே சனங்களுக்கு விழிப்புணர்வு வரும்?'

வரும். படத்தால நல்லது நடந்திருக்கு, மறுக்கலை. மா. கிருஷ்ணன்னு ஒருத்தர் நம்ம தமிழ்ல இருந்தார் (1912-1996). தானே உதிரி பாகங்களைச் சேர்த்துக் கட்டின கேமராவோட, கருப்பு வெள்ளையில யானைகளை எடுத்தார். வாரக்கணக்கா காட்டுல கிடந்து பார்த்தவர் எடுத்த படம் அது. கூடவே பத்து பத்தா எழுதினார். படமும் எழுத்தும் சேர்ந்துதான் விழிப்புணர்வு. நாம எழுதறது என்ன? 'பேரடைஸ்!' ஒரு இதயம், நாலு தீ. கீழே வர்ற முதல் கேள்வி, 'ப்ரோ, லொகேஷன்?' இதுல எந்த இடத்துல விழிப்புணர்வு வந்துச்சு? லொகேஷன் தெரிஞ்சு அடுத்த நாப்பது பேர் வருவாங்க, அவ்வளவுதான்.

அமைதிப் பள்ளத்தாக்குக்காகப் போராடினாங்களே, 1970-களிலயும் 80-களிலயும். அந்தப் போராட்டத்தோட அடையாளமே சிங்கவால் குரங்குதான். போராடினவங்கள்ல எத்தனை பேர் அதை நேர்ல பார்த்திருப்பாங்க? கவிதை எழுதினாங்க, கூட்டம் போட்டாங்க, மனு எழுதினாங்க. அணைத் திட்டம் கைவிடப்பட்டுச்சு, 1984-ல தேசியப் பூங்கா ஆச்சு. ஆளுக்கொரு க்ளோசப் இருந்தாத்தான் காட்டைக் காப்பாத்த முடியும்னு அன்னிக்கு யாரும் சொல்லலை.

'எஸ்டேட்டும் அணையும் ரோடும் அழிச்சதுல நாங்க அழிக்கறது எம்மாத்திரம்?'

இதுல பாதி நிஜம். வால்பாறை மேட்டுநிலத்துல 1890-களில் தொடங்கிக் காட்டை மொட்டையடிச்சுத்தான் தேயிலையும் காப்பியும் போட்டாங்க. இப்ப அங்கே தேயிலைக்கு நடுவுல மிஞ்சியிருக்கறது துண்டு துண்டான மழைக்காடு. சில துண்டை ஒரு காலை நடையில சுத்தி வந்துடலாம். அதனாலதான் சொல்றேன், மிச்சம் இருக்கறதே கைக்குட்டை அளவு. அதுல ஒரு கட்டையைப் புரட்டறதோட விலை, பெருங்காட்டுல புரட்டறதைவிடப் பல மடங்கு. வீடே எரிஞ்சு ஒரு பானை அரிசி மிஞ்சியிருக்கும்போது 'ஒரு பிடிதானே'ன்னு கையை விடுவீங்களா?

'நான் ஒருத்தன், ஒரே ஒரு தடவை.'

அந்தக் கட்டைகிட்ட வந்த ஒவ்வொருத்தரும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க.

'ஆராய்ச்சிக்காரங்களும்தான் பிடிக்கறாங்க.'

அவங்ககிட்ட அனுமதிக் கடிதம் இருக்கு, என்ன செய்யணும் எதுக்குச் செய்யணும்னு முறை இருக்கு, முடிவுல ஒரு தகவல் மிஞ்சும். உங்ககிட்ட என்ன மிஞ்சும்? ஆயிரத்துச் சொச்சம் லைக்.

'கைடுதானே புரட்டினான், நான் இல்லையே?'

எனக்கு ரத்தம் கொதிக்கறது இதுலதான். கைடுக்குச் சம்பளம் யார் தர்றது? 'பச்சை விரியன் காட்டினா டிப்ஸ் உண்டு'ன்னு சொன்னது யாரு? அவர் பண்ணமாட்டேன்னு சொன்னா அடுத்த விடுதிக்குப் போய், 'அந்த ஆள் சரியில்லை'ன்னு ரெண்டு ஸ்டார் போடறது யாரு? ஆறு மாச மழையில ரெண்டு மாசம்தான் வருமானம் பார்க்கற மனுஷன் தலையில பழியைப் போட்டுட்டு நாம சுத்தக் கையோட இறங்கி வர்றோம். காட்டைப் பத்தி நம்ம எல்லாரையும்விட அவருக்கு அதிகம் தெரியும். அந்த அறிவுக்குக் காசு கொடுக்காம, புரட்டற கைக்குக் காசு கொடுக்கறோம்.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் பார்த்துடலாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல 'வேட்டை'ங்கற சொல்லுக்கு விளக்கம் இருக்கு. சுடறது மட்டும் வேட்டை இல்லை. பிடிக்கறதும், இரை வெச்சு இழுக்கறதும், பறவைகளோட, ஊர்வனவற்றோட முட்டையையோ கூட்டையையோ கலைக்கறதும் வேட்டைதான். கூட்டுக்கு முன்னாடி இலையை வெட்டின கையில இருக்கறது கேமராவா துப்பாக்கியான்னு சட்டம் பார்க்கறதில்லை. சரணாலயத்துக்குள்ள எதுக்கெல்லாம் அனுமதி தரலாம்ங்கற பட்டியல்ல முன்னாடி சும்மா 'புகைப்படம்'னு இருந்துச்சு. 2022-ல திருத்தினாங்க. வாழிடத்துல எந்த மாற்றமும் செய்யாம, அதுக்கோ விலங்குக்கோ பாதிப்பு இல்லாம எடுக்கற புகைப்படத்துக்குத்தான் இப்ப அனுமதி. கட்டையைப் புரட்டினா வாழிடத்துல மாற்றம்தானே? இதை யாராவது ராத்திரி நடைக்குக் கூட்டிட்டுப் போறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, முகம் எப்படி மாறுதுன்னு.

போட்டி, பரிசு, லைக் இதெல்லாம் ஆளை எங்கே கொண்டுபோய் விடும்ங்கறதுக்கு ரெண்டு கதை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தற வனவிலங்குப் புகைப்படப் போட்டிதான் இந்தத் துறையில உச்சாணிக்கொம்பு. அதுல 2009-ல முதல் பரிசு வாங்கின படம், வேலிக்கதவைத் தாண்டிக் குதிக்கற ஓநாய். அது பழக்கின ஓநாயா இருக்கவே வாய்ப்பு அதிகம்னு நடுவர்கள் முடிவு பண்ணி 2010-ல பரிசைப் பிடுங்கிட்டாங்க. 2017-ல பிரேசில்ல இருந்து ஒரு படம் பரிசு வாங்குச்சு. ராத்திரி, ஒளிர்ற கரையான் புத்து, அதை நெருங்கற எறும்புத்தின்னி. கடைசியில பார்த்தா அது அந்தத் தேசியப் பூங்கா வாசல்ல வெச்சிருந்த, பாடம் பண்ணின பொம்மை எறும்புத்தின்னி மாதிரியே இருக்குன்னு நிபுணர்கள் சொல்லி 2018-ல தகுதி நீக்கம் பண்ணாங்க. எடுத்தவங்க ரெண்டு பேருமே மறுத்தாங்க. சரி, பஞ்சு அடைச்ச எறும்புத்தின்னிக்காவது வலிக்காது. நம்ம ஊர்ல உசுரோட இருக்கறதை வெச்சுல்ல பொம்மலாட்டம் நடத்தறோம்!

அப்ப கேமராவை வித்துடலாமான்னு கேட்டா, வேணாம். நான் விக்கலை. இவ்வளவு போதும்:

- எதையும் தூக்காதே, புரட்டாதே, ஒடிக்காதே, இடம் மாத்தாதே. எங்கே எப்படி இருக்கோ அப்படியே எடு. இலை மறைச்சா மறைக்கட்டும்.
- கூட்டுல இருக்கற பறவையை எடுக்காதே. குரல் போட்டுக் கூப்பிடாதே. தின்பண்டம் காட்டாதே.
- ரெண்டு நிமிஷம் எடு, விலகிடு. அது உன்னைப் பார்த்து நகர ஆரம்பிச்சுட்டா ஆட்டம் முடிஞ்சுது.
- இடத்தோட பேரைப் போடாதே. ஜில்லாப் பேர் போதும். செல்போன்ல எடுத்த படத்துக்குள்ளயே இருப்பிடம் பதிஞ்சிருக்கும், அழிச்சிட்டுப் போடு. அபாயத்துல இருக்கற உயிர்களோட சரியான இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் மாதிரியான தளங்களே மறைச்சுத்தான் காட்டுது. நமக்கு மட்டும் என்ன அவசரம்?
- ஒரு காட்டுல இருந்து இன்னொரு காட்டுக்குப் போகறதுக்கு முன்னாடி ஷூவைக் கழுவிக் காயவை.
- பணம் கட்டறதுக்கு முன்னாடி கேளு: 'கட்டையைப் புரட்டுவீங்களா? பாம்பைத் தொடுவீங்களா?' புரட்டமாட்டோம்னு சொல்ற கைடுக்கு நூறு ரூபா கூடக் கொடு. ஒண்ணுமே பார்க்காம வந்த அன்னிக்கும் கொடு. அன்னிக்குத்தான் முக்கியமாக் கொடுக்கணும்.

இப்படி எடுத்தா படம் எப்படி வரும்? சுமாராத்தான் வரும். என் இருவாச்சிப் படத்துல பாதி அலகும் ஒரு கொத்து ஆல இலையும்தான் தெரியும். பச்சை விரியன் படத்துல எது பாம்பு எது இலைன்னு வீட்டுல பந்தயம் கட்டுவாங்க. இருக்கட்டுமே. காட்டுல அது அப்படித்தான் இருக்கு. கண்ணுக்குத் தெரியாம இருக்கறதுதான் அதோட பொழைப்பு. அதைப் பளிங்கு மாதிரி, கருப்புப் பின்னணியில, ஒரு மழைத்துளி மூக்கு நுனியில நிக்கற மாதிரி படம் பார்க்கும்போதெல்லாம் இனிமே ஒரு கேள்வி கேளுங்க. இது இங்கே எப்படி வந்து உக்காந்துச்சு? எடுத்தவர்கிட்டயே கேளுங்க. 'செம ஷாட் தல'ன்னு எழுதற விரல் இதையும் எழுதலாம். பத்துப்பேர் கேட்டா பதினோராவது ஆள் கட்டையில கை வைக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிப்பான்.

அந்த போர்டுல என்ன எழுதலாம்னு நீங்களே சொல்லுங்க. என் யோசனை: 'பாருங்கள். தொடாதீர்கள். படம் வரவில்லை என்றால் பரவாயில்லை.'

பி.கு: லொகேஷன் கேட்டு வர்ற பின்னூட்டங்கள் வெளியிடப்படமாட்டாது. திட்டி வர்ற பின்னூட்டங்கள் தாராளமாக வெளியிடப்படும் :-)